கூட வந்தது யாரு?

டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். முதுகில் இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல் கதவைப் பார்த்துக் கேட்டார்.

"கூட வந்தது யாரு?"

கூட வந்தது என் அண்ணன். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். டாக்டர் என்னிடம், "நீங்க போய் வெளிய உக்காருங்க தம்பி" என்றார். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கல்யாணமாகி, இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. பரவையில் சொந்தமாக ஒரு கடை நடத்திக்கொண்டிருந்தேன். ஆனாலும் என் உடம்பைப் பற்றிப் பேசும்போது நான் அந்த அறையில் இருக்கக் கூடாது. சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் பக்கம் நடைமுறை இதுதான். நோயாளியின் வேலை உடம்பைக் கொண்டுவந்து காட்டுவது. விவரத்தை வாங்கிக்கொண்டு போவது வேறு ஆள். ஆம்பிளை என்றால் அப்பாவோ அண்ணனோ, பொம்பளை என்றால் புருஷனோ மாமனாரோ. யாருக்கும் இது ஒரு குறையாகப் படவில்லை. தனியாக வந்தவர்களிடம் கம்பவுண்டர், "நாளைக்கு வீட்ல பெரியவங்க யாரையாச்சும் வரச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்புவார். அந்த வார்த்தையைக் கேட்டதுமே சிலர் அழ ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு மட்டும் இதில் எரிச்சல் இருந்தது. என் தொழில் அப்படி.

திண்டுக்கல் ரோட்டில், மார்க்கெட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, கருகிய மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் புதிதாகக் காயில் கட்டும் கடை என்னுடையது. கோடையில் வோல்டேஜ் இறங்கும்போதெல்லாம் கிணற்று மோட்டார்கள் கருகும். வெள்ளாமை பார்க்கும் சம்சாரிகள் அதைக் கழற்றி வண்டியிலும் பஸ் மேலேயும் போட்டுக் கொண்டுவருவார்கள். நான் மோட்டாரைத் தொடுவதற்கு முன்னால் ஆளைக் கேட்பேன். எப்ப நின்னுச்சு? நிக்கிறதுக்கு முன்னாடி உறுமுச்சா? புகை முதல்ல வந்துச்சா, வாடை முதல்ல வந்துச்சா? மோட்டாரைப் போட்டுட்டு டீக்கடைக்குப் போயிட்டீங்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒருவர்கூட உண்மை சொன்னதில்லை. கருகிய கம்பியை உருவி அவர்கள் கையிலேயே கொடுத்து, அது ஏன் கருகியது என்று விளக்குவேன். "அம்புட்டு எதுக்குண்ணே, ஓடுனாப் போதும்" என்பார்கள். நான் விடமாட்டேன். தன் மோட்டார் ஏன் நின்றது என்று தெரியாதவன் அதை மறுபடியும் கருக்கிக்கொண்டு வருவான் என்பது என் கட்சி.

கால் மணி நேரம் கழித்து அண்ணன் வெளியே வந்தார். துண்டு இப்போது கக்கத்தில் இல்லை, கையில் சுருட்டிப் பிடித்திருந்தார்.

"என்னண்ணே சொன்னாரு?"

"ஒண்ணுமில்லடா. நெஞ்சுல சளி கட்டியிருக்காம்."

"அதச் சொல்லவா இம்புட்டு நேரம்?"

"வா, பஸ்ஸப் பிடிப்போம்."

பஸ்ஸில் மறுபடியும் ஆரம்பித்தேன். எத்தனை நாளைக்கு மருந்து? ஆறு மாசம். சளிக்கு ஆறு மாசமா? முத்துன சளி. முத்துன சளின்னா என்ன? அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்தார். "கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தா நோய் போயிருமா? சொன்னதச் செய்யி" என்றார். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்ததால் நான் நிறுத்திக்கொண்டேன்.

அண்ணன் வீடு எங்கள் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி. எக்ஸ்ரே படம் அவர் வீட்டுப் பரணுக்குப் போனது. டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டும் அவரிடமே இருந்தது. மாத்திரைகளைப் பரவையில் வாங்கவில்லை. திருப்பரங்குன்றம் வரைக்கும் போய் வாங்கிவந்தார். வாங்கியதை அட்டையோடு கொடுக்கவும் இல்லை. ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து ஒரு எவர்சில்வர் சம்படத்தில் போட்டுக் கொடுத்தார். அதில் கருஞ்சிவப்பாக ஒன்று, வெள்ளையாக இரண்டு மூன்று தினுசு. பேர் இல்லாத மாத்திரைகள். மாதம் ஒருமுறை டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றிருந்தது. அதற்கும் அண்ணனே போனார். "நீ கடையப் பாரு, நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்" என்பார். நோயாளி இல்லாமலே வைத்தியம் நடந்தது.

மருந்து நன்றாகத்தான் வேலை செய்தது. மூன்று வாரத்தில் இருமல் குறைந்தது, பசி எடுத்தது, சாயங்காலக் காய்ச்சல் நின்றது. ஆனால் முதல் நாளிலிருந்தே சிறுநீர் சிவப்பாகப் போனது. செம்மண் தண்ணீர் நிறம். பயந்துபோய் அண்ணனிடம் சொன்னேன். அவர் கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை. "மருந்துன்னா சூடுதான். மோர் குடி" என்றார். எங்கள் ஊரில் சூடு என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. கண் எரிந்தால் சூடு, வாய்ப்புண் வந்தால் சூடு, கோபம் வந்தாலும் சூடுதான். நானும் அதை நம்பிய ஆள்தான். மோர் குடித்தேன், வெந்தயத்தை ஊறவைத்து விழுங்கினேன், சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். நிறம் மாறவில்லை.

சித்திரை வெயிலில் ஒருநாள் கடையில் பனியனைக் கழற்றியபோது கழுத்துப் பட்டியும் கக்கமும் காவி படிந்திருந்தன. வேர்வையும் சிவந்துவிட்டது. இரத்தம்தான் கரைந்து வெளியேறுகிறது என்று முடிவு கட்டினேன். மோட்டார் சூடானால் நான் என்ன சொல்வேன்? மொதல்ல சுவிட்ச அமத்துங்க, காரணத்த அப்புறம் பாப்போம். மறுநாள் மாத்திரை போடவில்லை. இரண்டே நாளில் சிறுநீர் தெளிந்துவிட்டது. என் கணிப்பு சரியாகப் போனதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் விழுங்கச் சொல்வார்கள். தினமும் காலையில் சம்படத்திலிருந்து எடுத்து வாயில் போடுவது போல் கையைக் கொண்டுபோய், கடைக்குப் பின்னால் ஓடிய வாய்க்காலில் எறிந்துவிடுவேன். அண்ணன் மாதாமாதம் டவுனுக்குப் போய், "நல்லா இருக்கான் சார், வேளாவேளைக்குச் சாப்பிடுறான்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மூன்று மாதம் கழித்து, ஆடிக்காற்றோடு இருமல் திரும்பி வந்தது. ஒருநாள் மத்தியானம் கடை வாசலில் துப்பிய கோழையில் இரத்தம் இருந்தது. காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினேன். சாகப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். பயத்தோடு சேர்ந்து ஒரு ஆத்திரமும் வந்தது. எதனால் சாகிறேன் என்பது தெருவில் அண்ணனுக்குத் தெரியும், டவுனில் டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் கேள்விகளை எழுதிக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறினேன். அண்ணனிடம் சொல்லவில்லை. கம்பவுண்டர் வழக்கம்போல் கேட்டார்.

"கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் இல்ல."

"நாளைக்கு யாரையாச்சும்..."

"நாளைக்கும் யாரும் வர மாட்டாங்க. நான்தான் வருவேன்."

டாக்டருக்கு அறுபது வயது இருக்கும். களைத்த முகம். கெட்ட மனிதர் இல்லை. என் தாளைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"உங்க அண்ணன்ட்ட எல்லாம் வெவரமா சொன்னேனேப்பா."

"அண்ணனுக்கு இருமல் இல்ல சார். எனக்குத்தான் இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சரி, கேளுங்க" என்றார். முதல் கேள்வி, எனக்கு என்ன நோய். "டி.பி." என்றார். சாதாரணமாகச் சொன்னார், மணி கேட்டதற்குப் பதில் சொல்வது போல. கேட்டதும் தலை சுற்றும் என்று எதிர்பார்த்தேன். சுற்றவில்லை. இரண்டாவது கேள்வி, ஆறு மாதம் எதற்கு. கிருமி ஒளிந்திருக்கும், இடையில் விட்டால் திரும்ப எழும் என்றார். மூன்றாவதாகச் சிறுநீர் ஏன் சிவப்பாகப் போகிறது என்று கேட்டேன்.

"அது மருந்தோட சாயம்ப்பா. அந்தச் சிவப்பு மாத்திரை அப்படித்தான். செவப்பாப் போனா மருந்து உள்ள போயிருக்குன்னு அர்த்தம். ஒண்ணும் பயப்பட வேணாம்னு அன்னைக்கே அண்ணன்ட்ட சொன்னேன்." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இப்பவும் செவப்பாத்தான போகுது?"

"இல்ல சார். நிறுத்திட்டேன்."

"எப்பருந்து?"

"சித்திரையில."

பேனாவைக் கீழே வைத்தார். "யாரு நிறுத்தச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் கண்டுபிடிச்சேன்."

அவர் திட்டியது முழுவதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, இங்கே எழுதப்போவதில்லை. திட்டி முடித்துப் புதிதாக மருந்து எழுதினார். இந்தத் தடவை இரண்டு மாதம் தினமும் ஊசியும் உண்டு. சாவேனா என்ற நான்காவது கேள்விக்கு, "ஒழுங்கா சாப்பிட்டா மாட்டீங்க" என்றார். நான் தாளை மடித்தேன். அப்போது அவராக ஒன்று கேட்டார்.

"வீட்ல சின்னப் பிள்ளைக இருக்கா?"

"ரெண்டு வயசுல ஒண்ணு இருக்கு."

"ஒரு மாசத்துக்குத் தள்ளிப் படுக்க வைங்க. இருமும்போது வாயில துணிய வச்சுக்கங்க. வீட்ல இருக்க எல்லாரையும் ஒருதடவ கூட்டிட்டு வாங்க, பாத்துருவோம்."

தலையாட்டினேன். மற்ற பதில்களையெல்லாம் தாளில் குறித்துக்கொண்டேன். இதைக் குறித்துக்கொள்ளவில்லை. நான் எழுதிக்கொண்டு போன கேள்விகளில் இது இல்லை.

அங்கிருந்து நேராக அண்ணனின் வயலுக்குப் போனேன். வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். சிறுநீர் சிவப்பாகப் போகும் என்று டாக்டர் சொன்னதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா ஏன்னு கேப்ப. ஏன்னு சொன்னா எந்த மருந்துன்னு கேப்ப. ஒன்னய எனக்குத் தெரியாதா?" என்றார். நான் அவரைச் சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நம்ம சித்தப்பா இந்த நோயோட பேரக் கேட்ட அன்னைக்குப் பாய விரிச்சுப் படுத்தாரு. எந்திரிக்கவே இல்ல. நீயும் அப்படிப் படுத்துருவியோன்னு பயந்துட்டேன்டா. இந்தப் பக்கம் தங்கச்சிக்குக் கொட்டாம்பட்டியில பேசிக்கிட்டு இருக்கோம். மாப்பிள்ளை வீட்டுக்கு இது தெரிஞ்சா அம்புட்டுத்தான்."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் திட்டுவதற்கு வார்த்தை தீர்ந்துவிட்டது.

"ஒம் பொண்டாட்டிட்ட சொல்லப் போறியா?" என்று கேட்டார்.

"பின்ன, ஒன்னய மாதிரி மூடி வைக்கச் சொல்றியா?" என்றேன்.

சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவள் சோறு போட்டுக்கொண்டே, "டாக்டர்ட்ட போனீங்களாமே, என்ன சொன்னாரு?" என்று கேட்டபோது, "பழைய சளிதான். ஊசி போடணுமாம்" என்றேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காரணங்கள் நிறைய இருந்தன. அவள் என் தங்கையிடம் சொல்லுவாள், தங்கை பக்கத்து வீட்டில் சொல்லுவாள், கொட்டாம்பட்டிக்குப் போய்விடும். இது வெளியே சொல்லக்கூடிய காரணம். உண்மையான காரணம் வேறு. டி.பி. என்று தெரிந்தால் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள் என்று பயந்தேன். அவள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்று பயந்தேன்.

குழந்தையைத் தள்ளிப் படுக்க வைக்க வேண்டும் என்பதை மறக்கவில்லை. அதற்கு ஒரு வழி செய்து பார்த்தேன். வேலை அதிகம் என்று சொல்லிக் கடையிலேயே படுத்துக்கொண்டேன். நான்காம் நாள் அவள் தூக்குச்சட்டியோடு கடைக்கு வந்து, சோற்றை வைப்பதற்கு முன் உள்ளறையை எட்டிப் பார்த்தாள். "வீட்டுக்கு வர முடியாத அளவுக்கு இங்க என்ன இருக்கு? இல்ல, யாரு இருக்கா?" என்றாள். கடையில் ஆள் இருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் அவமானமுமாக இருந்தது. அன்றைக்கே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்தேன். குழந்தை என்மேல் ஏறி இறங்கி எனக்கும் சுவருக்கும் நடுவில் வந்து புகுந்துகொள்ளும். விலக்கினால் ஏன் என்று அவள் கேட்பாள். விலக்கவில்லை.

வீட்டில் இப்படி இருந்தவன், டாக்டரிடம் வேறு ஆளாக இருந்தேன். மாதம் தவறாமல் தாளோடு போனேன். காயிலுக்குப் பூசும் வார்னிஷ் வாடை நெஞ்சுக்கு ஆகுமா? முட்டை எத்தனை சாப்பிடலாம்? திருப்பரங்குன்றம் மலையில் ஏறலாமா? எக்ஸ்ரேயில் எந்த இடம், விரல் வைத்துக் காட்டுங்கள். இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? முதலில் சலித்துக்கொண்டவர் பிறகு, "வந்துட்டாருய்யா வக்கீலு" என்று சிரிக்க ஆரம்பித்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, வெண்புகை படிந்தது போலிருந்த இடத்தைக் காட்டினார். அடுத்த படத்தில் அது சுருங்கியிருந்ததையும் காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் பிரசங்கம் செய்தேன். ஒருவர் மனைவிக்கு வயிற்றுவலி என்றால், டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று பில் தாளில் எழுதிக் கொடுத்தேன். "ஒடம்பு நம்மளுது, நம்மதான் கேக்கணும்" என்று சொல்வேன். அத்தனை மாதத்துக் கேள்விகளை இப்போது அடுக்கிப் பார்த்தால், எல்லாம் என் நெஞ்சு, என் சாப்பாடு, என் வேலை. அவர் ஒரே ஒருமுறை, "வீட்ல எல்லாரையும் பாத்தாச்சா?" என்று கேட்டார். "எல்லாரும் நல்லா இருக்காங்க சார்" என்றேன். அப்போது பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தார்கள்.

ஆவணியில் தங்கை கல்யாணம் கொட்டாம்பட்டியில் நல்லபடியாக நடந்தது. ஒரு பேச்சும் எழவில்லை. அதற்குப் பிறகாவது மனைவியிடம் சொல்லியிருக்கலாம். இனி எதற்கு, எனக்குத்தான் குணமாகிக்கொண்டு வருகிறதே என்று விட்டுவிட்டேன்.

பொங்கல் கழிந்து, எனக்கு மருந்து முடியும் சமயம், அவள் கழுத்தில் ஒரு கட்டி எழுந்தது. வலி இல்லை. சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போட்டாள். பத்து நாளில் அதன் பக்கத்தில் இன்னொன்று வந்தது. சாயங்காலமானால் உடம்பு கணகணத்தது. ரவிக்கை தொளதொளவென்று ஆனது. "ஏங்க, இது என்னவா இருக்கும்?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு உள்ளே எல்லாம் விளங்கிவிட்டது. "டாக்டர்ட்ட காட்டுவோம்" என்றேன்.

கட்டியில் ஊசி குத்தி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு தெரிய இரண்டாம் முறை போனோம். குழந்தையை அண்ணன் வீட்டில் விட்டிருந்தோம். டாக்டர் காகிதத்தைப் படித்தார். மடித்தார். பழக்கத்தில், "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க. நான் இவர்ட்ட சொல்லிடுறேன்" என்றார்.

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவன். சொல்லவில்லை. அவள் வெளியே போனால் நல்லது என்றுகூட இருந்தது. அவள் எழுந்திருக்கட்டும் என்று நாற்காலியை ஒதுக்கினேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. "கழுத்து என்னுதுங்க. நான் இருந்தே கேட்டுக்கிறேன்" என்றாள். அவளுக்கு நான் தாள் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"டி.பி.ம்மா. நெறி கட்டி வந்திருக்கு. மருந்து சாப்பிட்டாச் சரியாயிரும்."

அவள் கழுத்துக் கட்டியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "இது எப்படி வரும்?" என்று கேட்டாள்.

"கூட இருக்கவங்க இருமுனா, அந்தக் காத்துல..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "வீட்டுக்காரரு உங்கட்ட சொல்லலியா?"

"இவுக சளின்னாக."

பிறகு நான் சொன்னேன். எனக்கு வந்தது டி.பி.தான், சித்திரையில் மாத்திரையை நானாக நிறுத்தினேன், உனக்கு வந்தது என்னிடமிருந்துதான் என்று. எதிரே சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னேன். அவள் அழுவாள் அல்லது கத்துவாள் என்று நினைத்தேன். அவள் டாக்டர் பக்கம் திரும்பி அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"பிள்ளைக்கு?"

"போன ஆடியிலயே எல்லாரையும் கூட்டிட்டு வரச் சொன்னேனேம்மா" என்றார் டாக்டர்.

மறுநாள் குழந்தையைக் கொண்டுபோனோம். முன்கையில் தோலுக்கடியில் ஒரு ஊசி போட்டு, அந்த இடம் தடித்தால் கிருமி உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம் என்றும், மூன்றாம் நாள் வந்து காட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்த மூன்று நாளும் அவள் என்னோடு தேவையானதைப் பேசினாள். சோறு போட்டாள். மணிக்கு ஒருதரம் குழந்தையின் கையைத் திருப்பிப் பார்த்தாள். நானும் அவள் பார்க்காதபோது பார்த்தேன். முதல் நாள் கொசு கடித்தது போல இருந்தது. இரண்டாம் நாள் சிவந்து தடித்தது. மூன்றாம் நாள் காலையில் அது ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு இருந்தது. டாக்டர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். அளக்கத் தேவையே இல்லாமல் இருந்தது. எக்ஸ்ரேயும் எடுத்தார். "பிள்ளைக்கும் ஆரம்பிச்சிருக்கு. சின்னதாத்தான் இருக்கு, மருந்துக்குப் போயிரும்" என்றார். அவள் மருந்தின் பெயர், எத்தனை வேளை, தேனில் கலக்கலாமா, எத்தனை நாள் என்று எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். சீட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். மருந்துக்குப் போயும்விட்டது. இருவருக்கும் குணமானது. ஆனால் அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. குழந்தை எங்கள் நடுவில் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தது. பாலத்தைத் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"ஆடியில டாக்டரு வேற என்ன சொன்னாரு?"

"இருமும்போது வாயில துணிய வச்சுக்கச் சொன்னாரு."

"வேற?"

"பிள்ளையத் தள்ளிப் படுக்க வைக்கச் சொன்னாரு."

"எம்புட்டு நாளைக்கு?"

"ஒரு மாசம்."

அவள் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தது போல உதடு அசைந்தது.

"ஒரு மாசந்தான?" என்றாள். "பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஒரு மாசம் எங்கம்மா வீட்ல இருந்துட்டு வந்திருப்பேனே."

போயிருப்பாள், ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்திருப்பாள். போவாள் என்று மட்டும் பயந்த எனக்கு, திரும்பி வருவாள் என்பது அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. "ஆமா" என்றேன். அவள் குழந்தையைத் தூக்கி ஜன்னல் பக்கம் உட்கார வைத்துக்கொண்டாள். பரவை வரும்வரை வேறெதுவும் கேட்கவில்லை.